நின்றுபோன கத்தியும் நில்லாத ஆசையும்

உலகில் பொருள்கள் தோன்றுகின்றன. சில காலம் வழங்குகின்றன. பின்னர் வழக்கொழிந்து போகின்றன. இஃது இயல்பு என்று அறிவு ஒப்புக்கொள்கிறது. மனம் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. "முன்பெல்லாம் வந்துகொண்டிருந்ததே, அது மீண்டும் வராதா?" என்று கேட்பவரை எல்லா நாட்டிலும் காணலாம். இக்கேள்வி அன்பினால் பிறக்கிறதா, ஆசையினால் பிறக்கிறதா? நின்றுபோன ஒரு பொருள் திரும்ப வரவேண்டும் என்று ஏங்குவது நற்குணமா, குற்றமா? இவ்வினாவை ஒரு சிறு பொருளை முன்வைத்து ஆராய விழைகிறோம். அப்பொருள், சுவிட்சர்லாந்து நாட்டுப் படைவீரர்களுக்காக 1961 முதல் செய்யப்பட்டு, 2008-ஆம் ஆண்டில் புதிய வடிவத்திற்கு இடம் விட்டு நின்றுபோன ஒரு மடக்குக்கத்தி.

நம் இதழில் கத்தியைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். அவர்கள் தயக்கம் நியாயமானதே. ஆயினும் இக்கத்தி போர்க்கருவி அன்று. ரொட்டி நறுக்கவும், தகரக் குவளையின் மூடியைத் திறக்கவும், திருகாணியை முடுக்கவும் செய்யப்பட்ட கைக்கருவி. நம் அடுக்களையில் கிடக்கும் காய்கறிக் கத்தியை விட இதில் அச்சம் தரத்தக்கது எதுவும் இல்லை. நாம் ஈண்டு ஆராயப்போவதும் கத்தியின் கூர்மையை அன்று. அதனை விரும்பும் மனத்தின் போக்கையே. பொருள் சிறியதாக இருந்தால் ஆராய்ச்சி எளிதாகும். வீடு, நிலம், பொன் என்று தொடங்கினால் அவரவர் குடும்ப வழக்குகள் இடையே புகுந்து தெளிவைக் கெடுத்துவிடும் அல்லவா?

கத்தி வந்த வரலாறு

இபாக் என்பது சுவிட்சர்லாந்தின் ஷ்வீஸ் மாநிலத்தில் உள்ள சிற்றூர். அங்கே கார்ல் எல்சனர் என்பவர் 1884-இல் கத்தி செய்யும் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அந்நாட்டுப் படைக்கு 1889-ஆம் ஆண்டு வகைத் துப்பாக்கி வந்தது. அதனைப் பிரித்துத் துடைக்கத் திருப்புளி ஒன்று தேவைப்பட்டது. தகரத்தில் அடைத்த உணவைத் திறக்கவும் ஒரு கருவி தேவைப்பட்டது. இத்தேவைகளை எல்லாம் ஒரே பொருளில் அடக்கிய மடக்குக்கத்தி ஒன்றைப் படைத்துறை வகுத்தது. அதனை முதலில் செய்து கொடுத்தது ஜெர்மனி நாட்டின் சோலிங்கன் நகரத்து நிறுவனம் ஒன்று. தம் நாட்டு வீரர் கையில் தம் நாட்டவர் செய்த கத்தியே இருக்கவேண்டும் என்று கருதிய எல்சனர், 1891-இல் தாமே அதனைச் செய்து வழங்கத் தொடங்கினார். ஜெர்மன் ஆலைகளின் குறைந்த விலைக்கு ஈடுகொடுக்க முடியாமல் கடனில் ஆழ்ந்தார். தக்கை எடுக்கும் திருகும் சிறிய இரண்டாம் அலகும் சேர்த்து 1897-இல் அவர் பதிவு செய்த 'அலுவலர் கத்தி'தான் அவரைக் கரையேற்றியது. அந்தப் பட்டறையே பின்னாளில் 'விக்டோரினாக்ஸ்' என்னும் நிறுவனம் ஆயிற்று. அவருடைய தாயார் விக்டோரியாவின் பெயரும், துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' என்னும் சொல்லும் சேர்ந்து அமைந்த பெயர் அது.

படைவீரர் கத்தியின் வடிவம் 1908, 1951, 1961 ஆகிய ஆண்டுகளில் மாறியது. 1961-ஆம் ஆண்டு வடிவமே நாம் பேச எடுத்துக்கொண்டது. அதன் கைப்பிடி அலுமினியத்தால் ஆனது. பிடி வழுக்காதிருக்கச் சிறு சிறு சாய்சதுரங்கள் அதில் புடைத்து நிற்கும். ஒரு புறத்தில் அந்நாட்டின் கேடயச் சின்னம் இருக்கும். மடக்கிய நிலையில் நீளம் 93 மில்லிமீட்டர். உள்ளே இருப்பவை நான்கே உறுப்புகள்: ஒரு கத்தி அலகு, தகரம் திறக்கும் கருவி, திருப்புளி முனையுடன் கூடிய புட்டி மூடி திறக்கும் கருவி, தோலிலும் மரத்திலும் துளையிட ஒரு குத்தூசி. அலகின் அடிப்புறத்தில், அது செய்யப்பட்ட ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். விக்டோரினாக்ஸ், டெலமோன் நகரத்து வெங்கர் ஆகிய இரு நிறுவனங்களும் இக்கத்தியைச் செய்து வந்தன.

2008-ஆம் ஆண்டில் படைத்துறை புதிய வடிவம் ஒன்றைத் தேர்ந்தது. அது 111 மில்லிமீட்டர் நீளம் உடையது, பச்சையும் கறுப்புமான கைப்பிடி கொண்டது, ஒரு கையாலேயே திறக்கத்தக்கது, திறந்தபின் அலகு தானே மடங்காதபடி பூட்டிக்கொள்வது, ரம்பமும் உடையது. பயன் நோக்கில் பார்த்தால் புதியதே மேலானது என்று எவரும் சொல்வர். பழைய அலுமினியக் கத்தி ஓய்வு பெற்றது. அன்று தொடங்கியது சேகரிப்பாளரின் ஏக்கம்.

சூரிச் நகரில் பணியாற்றும் நம் உறவினர் மகன் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது இவற்றில் மூன்றைக் கொண்டுவந்து காட்டினார். ஒவ்வொன்றையும் மெல்லிய துணியில் சுற்றி வைத்திருந்தார். தம்மைப் போன்ற சேகரிப்பாளர் பல நாடுகளில் இருப்பதாகவும் சொன்னார். சிலர் 1961 முதல் ஆண்டுக்கு ஒன்றாகத் தொகுப்பராம். சிலர் இரு நிறுவனங்களின் கத்திகளையும் தனித்தனியே தொகுப்பராம். சிலர் தாம் பிறந்த ஆண்டின் எண் பொறித்த ஒன்றை மட்டும் தேடுவராம். எல்லாரும் ஒருமுகமாக விரும்புவது, அவ்வடிவம் மீண்டும் உலைக்களத்திலிருந்து வரவேண்டும் என்பதே. "வந்தால் எப்படி இருக்கும் தெரியுமா, பெரியம்மா!" என்று அவர் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த ஒளியைக் கண்டு நாம் மகிழ்ந்தோம். அந்த ஒளி எங்கிருந்து வருகிறது என்று அறியும் விருப்பமும் நமக்கு உண்டாயிற்று.

ஒரு புதிர்

அவர் சொன்ன மற்றொரு செய்தி நம்மைச் சிந்திக்க வைத்தது. அதே நான்கு உறுப்புகளும், அதே நீளமும், அதே அலுமினியக் கைப்பிடியும் கொண்ட 'பயனீர்' என்னும் கத்தியை அந்நிறுவனம் பொதுமக்களுக்காக இன்றும் செய்து விற்கிறது. அதன் ஓரத்தில் சாவி கோக்கும் வளையம் ஒன்று மிகுதி. கேடயச் சின்னத்தின் வடிவம் சிறிது வேறு. அலகின் அடியில் ஆண்டு எண் இல்லை. வேற்றுமை இவ்வளவே.

அப்படியானால் நின்றுபோனது எது? வெட்டும் பயன் நின்றுபோகவில்லை. திறக்கும் பயன் நின்றுபோகவில்லை. கைக்கு இதமான அந்தப் பிடியும் நின்றுபோகவில்லை. கடைக்குச் சென்றால் கிடைக்கிறது. இருந்தும் "போய்விட்டதே" என்று வருந்துகின்றனர். பொருள் முழுவதும் இருக்கையில் ஒரு சின்னமும் இரண்டு இலக்கங்களும் மட்டுமே இல்லாமையால் வருந்துவது எதனால்?

ஆசிரியப் பயிற்சியில் நமக்கு முதலில் கற்பிக்கப்பட்டவற்றுள் ஒன்று, சிக்கலான வினாவைச் சிறு வினாக்களாகப் பிரித்துக்கொள்ளவேண்டும் என்பது. அம்முறைப்படி, ஒருவர் ஒரு பொருளை விரும்புவதற்குரிய காரணங்களை நான்காகப் பிரித்துப் பார்க்கலாம்: பயன், அமைப்பின் செம்மை, நினைவு, அருமை. அருமை என்பதை ஈண்டுக் கிடைத்தற்கு அரிதாம் தன்மை என்னும் பொருளிலேயே கொள்கிறோம்.

பயன் கருதி விரும்புவோர்க்குக் குறை ஏதும் இல்லை என்று கண்டோம். அமைப்பின் செம்மையைக் கருதி விரும்புவோர் பாராட்டத்தக்கவர். மிகுதியும் குறைவும் இன்றி, நான்கு உறுப்புகளில் வேண்டியவற்றை எல்லாம் அடக்கிய ஒரு படைப்பைக் கண்டு வியப்பது, நல்ல செய்யுளைக் கேட்டு வியப்பது போன்றதே. அதனைச் செய்த கைகளுக்குச் செலுத்தும் மரியாதை அது. ஆனால் அச்செம்மையும் பயனீர் கத்தியில் பெரும்பாலும் இருக்கின்றது. எனவே ஏக்கத்தின் வேர் எஞ்சிய இரண்டில்தான் இருத்தல் வேண்டும்.

நினைவு

சுவிட்சர்லாந்தில் ஆடவர் யாவரும் இளமையில் படைப்பயிற்சி பெறவேண்டும் என்பது சட்டம். வயலில் உழைப்பவர் மகனும் வங்கி முதலாளி மகனும் ஒரே முகாமில் தங்குவர். ஒரே வகைக் கத்தியைப் பெறுவர். ஆகவே அலகில் உள்ள '74' என்னும் எண் அவர்க்கு வெறும் எண் அன்று. இருபதாம் வயது, வீட்டைப் பிரிந்த முதல் இரவு, பனிமலையில் நடந்த கால்வலி, அருகில் படுத்திருந்த நண்பன். இவை அனைத்தும் அவ்விரண்டு இலக்கங்களில் அடங்கியுள்ளன. அந்தக் கத்தி நின்றுபோயிற்று என்னும் செய்தி, அந்த இளமை நின்றுபோயிற்று என்பதை நினைவூட்டுகிறது. படையில் சேராத அயல்நாட்டாரும் அதில் தம் இளமையின் ஆண்டைக் காண்கின்றனர்.

இதனை நாம் எளிதில் உணரமுடிகிறது. பணி ஓய்வு பெற்ற ஆசிரியைகள் சிலர் ஒன்றுகூடும்போதெல்லாம் பழைய நான்காம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலைப் பற்றிப் பேச்சு வரும். "அந்தப் புத்தகத்தை மறுபடியும் அச்சிடக் கூடாதா?" என்பார் ஒருவர். மற்றவர் ஆம் என்று தலையசைப்பர். ஒருமுறை ஒருவர் அந்நூலையே எங்கோ தேடிக் கொண்டுவந்துவிட்டார். ஆவலோடு புரட்டினோம். பாடல்களில் சில இன்றைய நூலிலும் இருந்தன. படங்கள் நாம் எண்ணியிருந்த அளவு அழகாக இல்லை. அரை மணி நேரத்தில் நூல் மேசை மேல் மூடிக் கிடந்தது. பேச்சோ, அந்நாளில் முன்வரிசையில் அமர்ந்து பாடிய பிள்ளைகளைப் பற்றியதாக மாறிவிட்டது. அவர்களில் யார் எங்கிருக்கிறார், யார் இல்லை என்று எண்ணி எண்ணிச் சொன்னோம். நாங்கள் திரும்பி வரவேண்டும் என்று விரும்பியது நூல் அன்று என்பது அப்போது தெளிவாயிற்று.

நினைவினால் வரும் ஏக்கம் குற்றம் அன்று. அஃது அன்பின் நிழல். ஆயினும் அதில் ஓர் அடிப்படைக் குழப்பம் உண்டு. அந்நிறுவனம் நாளையே மனம் இரங்கி அக்கத்தியைச் செய்யத் தொடங்கினாலும், அதன் அலகில் '74' என்று பொறிக்க முடியாது; அப்படிப் பொறித்தால் அது பொய்யாகும். செய்யப்படும் ஆண்டின் எண்ணையே பொறிக்கவேண்டும். எந்த எண்ணுக்காக ஏங்கினரோ, அந்த எண்ணோடு அது வாராது. வடிவம் வரலாம், காலம் வாராது. திரும்பி வரக்கூடியதையும் திரும்பி வர இயலாததையும் ஒன்றாக எண்ணி ஏங்குவோர்க்கு, வரக்கூடியது வந்த பின்னும் நிறைவு உண்டாவதில்லை.

அருமை

நான்காவது காரணமே நாம் கவலையோடு நோக்கவேண்டியது. பொருள் நின்றுபோனால் அதன் விலை ஏறுகிறது. நேற்றுக் கடையில் எளிய விலைக்குக் கிடைத்தது, இன்று சிலரிடம் மட்டும் இருப்பது ஆகிவிடுகிறது. இங்கே ஒரு நுட்பமான மாற்றம் மனத்தில் நிகழ்கிறது. முதலில் பொருளை விரும்பினோம். பின்னர், பிறரிடம் இல்லாத பொருள் நம்மிடம் இருப்பதை விரும்புகிறோம். முன்னது பொருளின்மேல் உள்ள விருப்பம். பின்னது பிறருடைய இல்லாமையின்மேல் உள்ள விருப்பம். இவ்விரண்டும் ஒரே உடை உடுத்து வருவதால் வேறுபாடு தெரிவதில்லை.

அமெரிக்க நாட்டில் இந்நிலையை இன்னும் தெளிவாகக் காணலாம். கொலராடோ மாநிலத்துக் கோல்டன் நகரில் ஸ்பைடர்கோ என்னும் நிறுவனம் உள்ளது. அலகில் வட்டத் துளை ஒன்றை இட்டு, கட்டைவிரலால் தள்ளித் திறக்கும் மடக்குக்கத்தியை 1981-இல் வெளியிட்டுப் புகழ் பெற்றது. அந்நிறுவனம் ஆண்டுதோறும் சில வடிவங்களை நிறுத்துகிறது. சேகரிப்பாளர் அவற்றுள் தாம் விரும்பியது மீண்டும் வரவேண்டும் என்று கேட்டவண்ணம் இருப்பர். நிறுவனமும் சிலவற்றைத் திரும்பக் கொண்டுவருகிறது. ஆனால் பெரும்பாலும் வேறோர் எஃகில், வேறொரு நிறப் பிடியில், எண்ணிக்கையை வரையறுத்து. இதற்கு 'ஸ்பிரிண்ட் ரன்' என்று பெயர். விக்டோரினாக்ஸ் நிறுவனமும் 1897-ஆம் ஆண்டு அலுவலர் கத்தியின் 125-ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 2022-இல் அதன் மறுபடைப்பை எண்ணிக்கை வரையறுத்தே வெளியிட்டது.

இதில் வணிகரைக் குறை கூற ஒன்றும் இல்லை. எத்தனை பேர் வாங்குவர் என்று அறியாமல் உலையை மூட்ட அவரால் இயலாது. ஆனால் விளைவைப் பாருங்கள். அரிதாகிவிட்டதே என்னும் குறையைத் தீர்க்க வந்த பொருள், தானும் அரிய பொருளாகவே வருகிறது. பழைய ஏக்கம் தீருமுன் புதிய ஏக்கம் பிறந்துவிடுகிறது. முதல் வரவைத் தவறவிட்டவர் இரண்டாம் வரவுக்குக் காத்திருக்கத் தொடங்குகிறார். தாகம் தீர உப்புநீர் பருகுவதற்கு ஒப்பானது இது.

ஒரு சோதனை

ஆகவே விருப்பம் எத்தகையது என்று அறிய ஓர் எளிய சோதனையைச் சொல்ல விரும்புகிறோம். இருவர் இருக்கின்றனர் என்று கொள்வோம். இருவரும் அந்த 1961-ஆம் ஆண்டு வடிவத்தைப் போற்றுகின்றனர். இருவரிடமும் பழைய கத்திகள் பத்துப் பத்து இருக்கின்றன. "நாளை முதல் இவ்வடிவம் மீண்டும் செய்யப்படும்; எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை; சாதாரண விலைக்கு யாரும் வாங்கலாம்" என்று ஓர் அறிவிப்பு வருகிறது. முதலாமவர், "நல்லது; இனி என் நண்பனுக்கும் அவன் பிள்ளைக்கும் கிடைக்கும்" என்று மகிழ்கிறார். இரண்டாமவர், "என்னிடம் உள்ள பத்துக்கும் இனி மதிப்பு இல்லையே" என்று வாடுகிறார்.

முதல்வர் கத்தியை விரும்பினார். இரண்டாமவர் கத்தியை விரும்பவே இல்லை. "மீண்டும் வரவேண்டும்" என்று அவர் வாயால் சொன்னார்; வராமல் இருப்பதிலேயே அவர் மகிழ்ச்சி இருந்தது. ஒருவர் தாம் மிக விரும்புவதாகச் சொல்லும் ஒன்று உலகில் பெருகும்போது வருந்துவாரானால், அவ்விருப்பத்திற்கு என்ன பெயர் இடுவது? தமிழைக் கற்பித்த ஆசிரியர் ஒருவர், "இனி எல்லாப் பிள்ளைகளும் தமிழ் நன்கு கற்றுவிடுவர் போலிருக்கிறதே" என்று வருந்தினால் அவரை ஆசிரியர் என்போமா?

இதற்கு மறுப்பு உண்டு. "அவர் தம் பொருளைச் செலவிட்டு வாங்கினார்; நட்டம் வந்தால் வருந்தமாட்டாரா?" என்று கேட்கலாம். வருந்துவார், அதில் வியப்பு இல்லை. ஆனால் அஃது ஒரு வணிகரின் வருத்தம். வணிகம் நேர்மையாகச் செய்யப்பட்டால் அதுவும் ஓர் அறமே. தம்மை வணிகர் என்று அறிந்து வணிகம் செய்பவரிடம் மயக்கம் இல்லை. கலையன்பர் என்று தம்மையே நம்பவைத்துக்கொண்டு உள்ளே வணிகராய் இருப்பதுதான் மயக்கம். முதலில் ஏமாறுபவர் அவரே.

மற்றொரு மறுப்பு இன்னும் வலிமையானது. "சேகரிப்பாளர் இல்லையேல் பழம்பொருள்களின் வரலாறு அழிந்துபோகாதா?" என்பது. உண்மையே. எந்த ஆண்டில் எந்தச் சின்னம் எப்படி மாறியது என்று ஆண்டுவாரியாக ஒப்பிட்டு எழுதி வைப்போர் அவர்களே. ஆலைகளே மறந்த செய்திகளை அவர்கள் காத்துத் தருகின்றனர். ஓலைச்சுவடிகளைக் காத்த குடும்பங்களின் அருமையை அறிந்த நாம், காத்து வைப்பவரைப் பழிக்க இயலாது. ஆனால் சுவடியைக் காத்தவருள்ளும் இருவகையினர் இருந்தனர் அல்லவா? படிக்க விரும்பி வந்தவர்க்குத் திறந்து காட்டியவர் ஒரு வகை. பெட்டியில் பூட்டி வைத்துச் செல்லுக்கு இரையாக்கியவர் மற்றொரு வகை. காத்தல் பிறர்க்குப் பயன்படும்போதே காத்தல் ஆகிறது.

கருவியின் நிலை

சேகரிக்கப்படும் கத்தியின் நிலையையும் எண்ணிப் பார்ப்போம். ஒருமுறையும் திறக்கப்படாத கத்திக்கே சேகரிப்பாளரிடம் உயர்ந்த மதிப்பு. பழத்தை நறுக்கினால் மதிப்புக் குறையும். சாணையில் தீட்டினால் இன்னும் குறையும். செய்யவேண்டிய வேலையைச் செய்யாத வரையில்தான் அதற்குப் பெருமை.

நம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். அவன் மாமா பட்டணத்திலிருந்து வாங்கித் தந்த வண்ணப் பென்சில் ஒன்று அவனிடம் இருந்தது. அதனைச் சீவினால் குறைந்துபோகும் என்று அவன் சீவவே இல்லை. ஓராண்டு முழுவதும் பக்கத்துப் பையனிடம் பென்சில் இரவல் வாங்கியே எழுதினான். தேர்வு முடிந்து பள்ளி விடுமுறை விட்ட அன்று, அவன் பையில் அப்பென்சில் முழுமையாக இருந்தது. அவன் எழுதிய ஒரு சொல்லும் அதனால் எழுதப்படவில்லை. பிள்ளை அறியாமல் செய்தான். முதியவர் பலரும் அறிந்தே இதனைச் செய்கின்றனர்.

நம் இல்லத்தில் மடக்குக்கத்தி ஒன்று உண்டு. உள்ளூர்க் கொல்லர் செய்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தீட்டித் தீட்டி, அதன் அலகு பாதி அகலமாகத் தேய்ந்துவிட்டது. எந்தச் சேகரிப்பாளரும் அதற்கு ஒரு காசும் தரமாட்டார். மறைந்த நம் கணவர் மாம்பழம் நறுக்கிப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்தது அதனால்தான். இன்று நாம் நறுக்குவதும் அதனால்தான். அதன் தேய்மானம் முழுவதும் யாருக்கோ பயன்பட்ட கணக்கு.

செய்பவரின் கடமை

"விரும்புவோர் இத்தனை பேர் இருக்க, நிறுத்துவது நியாயமா?" என்று சேகரிப்பாளர் நிறுவனங்களைக் கேட்பதுண்டு. இதனையும் சிறிது ஆராயவேண்டும். ஒரு வடிவத்தைத் தொடர்ந்து செய்ய அச்சுகள் வேண்டும்; எந்திரங்கள் வேண்டும்; பழகிய கைகள் வேண்டும். அவற்றை எதில் செலவிடுவது என்று ஆலை தேர்ந்தாகவேண்டும். 2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் அமெரிக்காவில் நிகழ்ந்த கொடுமைக்குப்பின் விமானப் பயணிகள் கத்தி கொண்டுசெல்லத் தடை வந்தது. விமான நிலையக் கடைகளில் மடக்குக்கத்தி விற்பனை அற்றுப்போயிற்று. வெங்கர் நிறுவனம் தனித்து நிற்க இயலாமல், 2005-இல் விக்டோரினாக்ஸ் நிறுவனத்தோடு இணைந்தது. வெங்கர் பெயரில் கத்தி செய்வதை நிறுத்தும் முடிவு 2013-இல் அறிவிக்கப்பட்டது. அந்நெருக்கடியில் விக்டோரினாக்ஸ் நிறுவனத்தார் தம் தொழிலாளரை வீட்டுக்கு அனுப்பவில்லை. சிலரை அண்டை நிறுவனங்களுக்குத் தற்காலிகமாக வேலைக்கு அனுப்பிக் காத்தனர்.

இதனைக் கேட்டபோது நமக்குத் தோன்றியது இது: கத்தியின் வடிவம் நின்றால் அது வருத்தம், செய்யும் கை நின்றால் அது துன்பம். வருத்தத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், துன்பத்தைத் தீர்த்தாகவேண்டும். பொருளின்மேல் அன்புடையோர் அதனைச் செய்தவர்மேலும் சிறிது அன்பு கொண்டால், "ஏன் நிறுத்தினீர்?" என்னும் கேள்வியில் உள்ள சினம் தணியும்.

இல்லாத பொருளும் உடைமையே

மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்தை ஏற்பவர், இவ்வளவு நிலம், இவ்வளவு பொன், இவ்வளவு ஆடை என்று வரையறுத்துக்கொள்வதை அறிவோம். எண்ணத்தக்க பொருளை எண்ணி வரையறுக்கலாம். ஆனால் உடைமை என்பது பொருளில் இல்லை, பொருளின்மேல் கொண்ட மயக்கத்தில் இருக்கிறது என்பதே நம் முன்னோர் கண்ட தெளிவு. இத்தெளிவை நின்றுபோன கத்தியோடு பொருத்திப் பார்த்தால் வியப்பான ஒரு முடிவு கிடைக்கிறது. கையில் இல்லாத பொருளும் உடைமை ஆகலாம். இன்னும் செய்யப்படாத பொருளும் உடைமை ஆகலாம். இனி என்றுமே செய்யப்படாத பொருளும் ஒருவர் நெஞ்சில் இடம் பிடித்து அமர்ந்திருக்கலாம். அதற்குப் பெட்டி வேண்டாம், பூட்டு வேண்டாம். ஆனால் சுமை உண்டு. இருக்கும் பொருளையாவது ஒருவர்க்குக் கொடுத்துச் சுமை இறக்கலாம். இல்லாத பொருளை யாருக்குக் கொடுப்பது?

ஆகவே எழுபது வயதைக் கடந்தவர்களாகிய நாம் இதனை இளையோர்க்குரிய பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட இயலாது. நம்மிடமும் இத்தகைய கத்திகள் உள்ளன. நின்றுபோன திருவிழா, நின்றுபோன பயணம், நின்றுபோன பேச்சு என்று அவற்றின் பெயர்தான் வேறு. அவை மீண்டும் வரவேண்டும் என்று காத்திருக்கையில், இன்று வாயிலில் வந்து நிற்பதை நாம் கவனியாமல் விடக்கூடும். பேரன் இன்று கேட்கும் கதையும் பின்னொரு நாளில் நின்றுபோகும் பொருளே அன்றோ?

முடிவுரை

இதுவரை கூறியவற்றைத் தொகுத்துரைப்போம். நின்றுபோன நல்ல வடிவம் மீண்டும் வரவேண்டும் என்று விரும்புவதில் குற்றம் இல்லை. அது வந்தால் எல்லார்க்கும் வரட்டும் என்று விரும்புவோமானால் அவ்விருப்பம் அன்பாகிறது. நமக்கு மட்டும் வரட்டும் என்று விரும்பினால் ஆசையாகிறது. வராமலே இருக்கட்டும், நம்மிடம் உள்ளதன் விலை ஏறட்டும் என்று உள்ளூர விரும்பினால் அழுக்காற்றின் ஒரு வகையாகிறது. சொல் மூன்றுக்கும் ஒன்றே; நெஞ்சம் வேறு. எந்த நெஞ்சத்தோடு சொல்கிறோம் என்பதை அவரவரே அறிவர்.

கையில் உள்ளதைப் பயன்படுத்துவோம். பயன்படுத்த இயலாத அளவு மிகுந்திருந்தால், இல்லாதவர்க்கு ஒன்று கொடுப்போம். சூரிச் நகரத்து இளைஞரிடமும் இதனையே சொன்னோம். மூன்றில் ஒன்றையாவது சட்டைப்பையில் வைத்து நாள்தோறும் பழம் நறுக்கும்படி கூறினோம். அவர் சிரித்தார், மறுக்கவில்லை.

அந்தக் கத்தி ஒருநாள் திரும்பி வரலாம். வந்தால் அதன் அலகில் அது செய்யப்பட்ட ஆண்டின் எண்ணே இருக்கும். அந்த ஆண்டில் இளைஞராக இருப்பவர்க்கு அதுவே அரிய எண் ஆகும். அவர்களும் மகிழட்டும் என்று நினைக்கும் மனம் நமக்கு வாய்க்குமாக.